பைன்ஹர்ஸ்ட் கோல்ஃப் மைதானமும் ஒரு மரங்கொத்தியும்: நிலத்துக்காரன் பயம் போனப்புறம் என்ன ஆச்சு

கோல்ஃப் மைதானம்னு சொன்னாலே சுற்றுச்சூழல் பத்தி யோசிக்கிறவங்களுக்கு மூஞ்சி சுருங்கும், அதுல நியாயம் இல்லாம இல்ல. தண்ணி நெறைய குடிக்கும், உரமும் மருந்தும் அதே மாதிரி, பல மைதானம் காட்ட அழிச்சு வந்ததுதான். 1984ல நியூயார்க் லாங் ஐலண்ட்ல ஒரு மைதானத்துல டயஸினான்னு ஒரு பூச்சி மருந்து அடிச்ச புல்ல மேஞ்சு சுமார் 700 பிரான்ட் வாத்து செத்து விழுந்துச்சு, அதுக்கப்புறம் அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி கோல்ஃப் மைதானத்துலயும் புல் வளக்குற பண்ணையிலயும் அந்த மருந்துக்குத் தடை போட எறங்கி, தயாரிச்ச கம்பெனி கோர்ட்டுக்குப் போயி, இழுத்தடிச்சு 1990லதான் தடை உறுதியாச்சு. ஒரே ஒரு மருந்த மைதானத்த விட்டு வெளிய அனுப்பவே ஆறு வருஷம். அதனால கோல்ஃப் மைதானத்துல பறவைய காப்பாத்துனாங்கன்னு யாராச்சும் சொன்னா முதல்ல சந்தேகம் வர்றது சரிதான்.

ஆனா நார்த் கரோலினா பைன்ஹர்ஸ்ட் கேஸ முழுசா ஒரு தடவ பாக்கணும்னு நான் நெனைக்கிறேன். ரெட் காக்கேடட் மரங்கொத்தின்னு அழிஞ்சுட்டு வந்த ஒரு பறவைக்காக 1995ல அங்க ஒரு புது ஏற்பாடு வந்துச்சு, அதுல முதல் ஆளா சேந்தது ஒரு கோல்ஃப் ரிசார்ட். பாதுகாப்புன்னா நிலத்த பூட்டி வச்சு யாரும் தொடாம விடறதுன்னு நம்மள்ல நெறைய பேரு நெனைச்சுட்டு இருக்கோம். இந்தப் பறவைக்கு அந்த நெனப்பே எமனா வந்துச்சு, ஏன்னா சட்டத்துக்குப் பயந்து ஒரு பக்கம் மரத்த வெட்டுனாங்க, இன்னொரு பக்கம் யாரும் தொடாம விட்ட காட்டுல பறவை தானா காலி பண்ணிட்டுப் போச்சு. பயத்த எடுத்துட்டு கைவேலைய சேத்தப்புறம்தான் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது.

நிலமும் மரமும்

சாண்ட்ஹில்ஸ்னு சொல்ற அந்தப் பகுதி முழுக்க மணல் மேடு, சத்தே இல்லாத மண்ணு. அதுல ராஜா மாதிரி நின்னது லாங்லீஃப் பைன். ஊசியிலை ஒவ்வொண்ணும் ஒரு அடி நீளம் வரும், மரம் முன்னூறு வருஷத்துக்கு மேல கூட வாழும், பக்கத்து ஊரு சதர்ன் பைன்ஸ்ல வேமவுத் வுட்ஸ் காட்டுல 1548ல மொளச்ச ஒரு மரம் இன்னும் உயிரோட நிக்குது. வெர்ஜீனியால ஆரம்பிச்சு டெக்ஸாஸ் வரைக்கும் சுமார் 9 கோடி ஏக்கர் இந்தக் காடு இருந்துச்சு, அதுல தொண்ணூறுகள் வாக்குல மிஞ்சினது நாலு சதவீதம் கூட இல்ல.

எங்க போச்சுன்னா, முதல்ல தாரும் டர்பன்டைனும் எடுக்குறதுக்கு மரத்த கீறி கீறி பிசின் வடிச்சாங்க, அப்புறம் மரத்துக்காக வெட்டுனாங்க, அதுக்கப்புறம் தீய நிறுத்துனாங்க. தீ விஷயத்த நல்லா புரிஞ்சுக்கணும், மொத்தக் கேஸும் அதுலதான் சுத்துது. லாங்லீஃப் பைன் தீயோட வளந்த மரம். கன்னு முதல் சில வருஷம் மேல வளராது, பாக்க ஒரு புல்லுக் கொத்து மாதிரியே தரையோட இருக்கும், நடு மொட்ட சுத்தி ஊசியிலை அடர்த்தியா மூடியிருக்கறதால தரைத்தீ வந்தா இலை கருகும் மொட்டு தப்பிச்சுக்கும், அந்த நேரத்துல வேர கீழ எறக்கிட்டு அப்புறம் ஒரே மூச்சுல மேல போகும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மின்னல்லயோ அங்க வாழ்ந்த பழங்குடி மக்கள் வச்ச நெருப்புலயோ தரை எரிஞ்சுட்டே இருந்துச்சு, அதனால ஓக் மரமெல்லாம் தல தூக்க முடியாம, பெரிய பைன் மரம் தள்ளித் தள்ளி நின்னு, கீழ வயர்கிராஸ்னு ஒரு புல்லு விரிஞ்சு, வெளிச்சம் தரை வரைக்கும் விழற காடா இருந்துச்சு. இந்த வயர்கிராஸ் கூட வளர்ற பருவத்துல தீ பட்டாதான் ஒழுங்கா பூத்து விதை வைக்கும். தீய நிறுத்துன இடத்துல பத்து இருவது வருஷத்துல ஓக் புதர் நடு உயரத்துக்கு வந்து அடைச்சுக்கும்.

1895ல ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ்னு பாஸ்டன் வியாபாரி ஒருத்தர் இந்த வெட்டித் தள்ளின நிலத்துல 5,000 ஏக்கருக்கு மேல வாங்குனாரு, ஏக்கர் சுமாரா ஒரு டாலர் கணக்குல, யாருக்கும் வேண்டாத நிலமா அப்ப இருந்துச்சு. அதுலதான் பைன்ஹர்ஸ்ட் ஊரும் ரிசார்ட்டும் வந்துச்சு, டொனால்ட் ராஸ் வந்து மைதானம் போட ஆரம்பிச்சாரு, அவரோட பேர் சொல்ற நம்பர் 2 மைதானம் 1907ல திறந்தாங்க. மிச்சம் இருந்த பைன் மரத்த அழகுக்காகவும் நிழலுக்காகவும் வெட்டாம விட்டாங்க, புதுசா மொளச்சதையும் விட்டாங்க. பறவைய மனசுல வச்சு பண்ணல, ஆனா நூறு வருஷம் கழிச்சு அந்த மரமெல்லாம் கெழடு தட்டி நின்னப்ப பறவைக்கு வேண்டியது சரியா அதுவா இருந்துச்சு.

இந்தப் பறவை ஏன் இவ்ளோ பிடிவாதம்

எட்டு ஒம்பது இஞ்ச் நீளம்தான் இருக்கும், முதுகுல கறுப்பு வெள்ளை வரி, கன்னத்துல பெரிய வெள்ளைத் திட்டு. ஆண் பறவைக்கு கண்ணுக்குப் பின்னாடி ஒரு சின்ன சிவப்புக் கோடு உண்டு, கையில பிடிச்சுப் பாத்தா தெரியும், கீழ நின்னு பாத்தா பெரும்பாலும் தெரியாது.

மத்த மரங்கொத்திங்க பட்டுப்போன மரத்துல பொந்து போடும், மரம் இத்துப் போயிருக்கும், வேல சீக்கிரம் முடியும். இது மட்டும் உயிரோட இருக்குற பைன் மரத்துலதான் போடும். உயிர் மரத்துல வெளிக்கட்டை பூரா பிசின், உள்ள வைரம் பாஞ்ச கட்டை, அதனால ஒரு பொந்து முடிக்க வருஷக்கணக்காகும், சில சமயம் ஆறு வருஷம் கூட. வயசான மரத்துல ரெட் ஹார்ட்னு ஒரு பூஞ்சை உள்ள புகுந்து நடுக்கட்டைய மெதுவாக்கும், அந்த மாதிரி மரமா தேடிப் பிடிக்கும், அது எம்பது நூறு வருஷம் தாண்டின மரத்துலதான் அதிகம். அதாவது நாற்பது வருஷத்துல வெட்டி வித்துடற தோப்புல இந்தப் பறவைக்கு வீடே கிடையாது.

பொந்து முடிஞ்சதும் வாசல சுத்தி பட்டையில சின்னச் சின்ன ஓட்டையா கொத்தி வைக்கும், அதுல இருந்து பிசின் வழிஞ்சுட்டே இருக்கும், காஞ்சா மறுபடி கொத்தி விடும். தூரத்துல இருந்து பாத்தா மரம் பூரா உருகி வழிஞ்ச மெழுகுவத்தி மாதிரி இருக்கும், கோல்ஃப் ஆட வர்றவங்க கூட இத வச்சு மரத்த அடையாளம் கண்டுபிடிச்சுடலாம். எதுக்கு இந்த மெனக்கெடல்னா ரேட் ஸ்னேக்னு ஒரு பாம்பு, சரசரன்னு நேரா மரம் ஏறி முட்டையையும் குஞ்சையும் முழுங்கிடும். பச்சைப் பிசின்ல வயித்துச் செதில் பட்டா பாம்பால மேல போக முடியாது, திரும்பும் இல்ல கீழ விழும். செத்த மரத்துல இந்தப் பிசின் வராது, அதுக்காகத்தான் உயிர் மரம்.

குடும்பமா வாழும். ஒரு ஜோடி, கூட முந்தின வருஷத்து புள்ளைங்க ஒண்ணு ரெண்டு, அதுவும் பெரும்பாலும் ஆம்பளப் புள்ளைங்க, அப்பா அம்மா கூடவே இருந்து அடைகாக்கவும் தம்பி தங்கச்சிக்கு இரை ஊட்டவும் உதவும். ஆனா படுக்க ஆளுக்கு ஒரு பொந்து வேணும். அதனால ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம் போதாது, ஒரு கொத்து மரம் வேணும், சுத்தி மேய பெரிய பரப்பு வேணும். பழைய பொந்துகள்ல பறக்கும் அணில், புளூபேர்ட்னு இன்னும் இருவதுக்கு மேல உயிரினங்க குடியிருக்கும்.

கடைசியா ஒரு நிபந்தனை, இதுதான் முக்கியம்: ஓக் புதர் வளந்து பொந்து உயரத்துக்கு வந்துடுச்சுன்னா பறவை அந்த இடத்த விட்டுப் போயிடும். மரம் இருக்கும், பொந்து இருக்கும், யாரும் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டாங்க, ஆனா பறவை இருக்காது.

சட்டம் வந்துச்சு, மரம் விழுந்துச்சு

1970லயே இத அழியும் பட்டியல்ல சேத்துட்டாங்க, 1973ல அழியும் உயிரினங்கள் சட்டம் வந்துச்சு. சட்டப்படி பட்டியல்ல இருக்குற உயிர கொல்றது மட்டும் குத்தம் இல்ல, அது வாழற இடத்த கெடுத்து அதுக்கு சேதம் வந்தாலும் குத்தம்தான், அபராதம் 50,000 டாலர் வரைக்கும் ஒரு வருஷம் ஜெயிலும் போகலாம். இடத்த கெடுக்கறதும் இதுல அடங்குமான்னு பெரிய வழக்கு நடந்து 1995 ஜூன்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அடங்கும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, அந்த வழக்குல வாதாடுனவங்க சொன்ன உயிரினங்கள்ல இந்த மரங்கொத்தியும் ஒண்ணு.

சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரல, அது இல்லேன்னா இன்னிக்கு பேசுறதுக்கே பறவை இருந்திருக்காது. ஆனா நிலத்துக்காரன் இடத்துல நின்னு பாருங்க. உங்க தோப்புல ஒரு குடும்பம் வந்து குடியேறிடுச்சுன்னா அத சுத்தி பல பத்து ஏக்கர்ல மரம் வெட்ட முடியாது, ஒரு பைசா நஷ்டஈடு கிடையாது. வரலேன்னா எந்தப் பிரச்சனையும் இல்ல. அப்ப என்ன பண்ணுவாங்க, மரம் பறவைக்குத் தோதான வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே வெட்டி வித்துடுவாங்க. இது ஊர் வம்பு இல்ல, டீன் லூக், ஜெஃப்ரி மைக்கேல்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க நார்த் கரோலினால ஆயிரத்துக்கு மேல காட்டுத் துண்டுகளோட 1984லேந்து 1990 வரைக்கும் உள்ள கணக்க எடுத்துப் பாத்து 2003ல வெளியிட்டாங்க: பறவைக் குடியிருப்புக்கு பக்கத்துல இருக்குற தோப்பு எவ்ளோ கிட்டவோ அவ்ளோ சீக்கிரம் வெட்டப்பட்டிருக்கு, இளசுலயே. பறவைய காப்பாத்த வந்த சட்டம் பறவைக்கு நாளைக்கு வீடாகப் போற மரத்த முன்கூட்டியே சாய்ச்சிருக்கு.

வெட்டாதவங்க கூட இன்னொரு வழியில தீங்கு பண்ணாங்க. புதர எடுத்தா பறவை வரும், வந்தா தலவலி, அதனால புதர அப்படியே விட்டுடலாம்னு. சும்மா இருக்கறது சட்ட விரோதம் கிடையாது. ஒரு குத்தமும் பண்ணாம ஒரு குடியிருப்ப காலி பண்ண வைக்கலாம், பத்து வருஷம் புதர் வெட்டாம இருந்தாப் போதும்.

அரசாங்க நிலத்துலயும் இழுபறிதான். பக்கத்துல ஃபோர்ட் பிராக் ராணுவ முகாம், பெரிய லாங்லீஃப் காடு அங்க மிச்சம் இருந்துச்சு, குண்டு விழுந்து அடிக்கடி தீ பிடிக்கறதால காடு தெறந்தே இருந்துச்சு, அதனால பறவையும் இருந்துச்சு. 1990 வாக்குல பொந்து மரத்துக்குப் பக்கத்துல பயிற்சி பண்ணக் கட்டுப்பாடு வந்ததும் ராணுவத்துக்கும் வனவிலங்குத் துறைக்கும் முட்டிக்கிச்சு. முகாம்ல மட்டும் பறவை இருந்தா மொத்த பாரமும் முகாம் மேலதான், சுத்தி இருக்குற தனியார் நிலத்துலயும் பறவை பெருகுனாதான் ரெண்டு பக்கமும் மூச்சு விட முடியும். அந்தத் தனியார் நிலம்னா யாரு, குதிரைப் பண்ணை, பைன் ஊசி வாரி விக்கிற தோப்பு, வீட்டு மனை, அப்புறம் கோல்ஃப் மைதானம், வரிசையா கோல்ஃப் மைதானம்.

1995 ஒப்பந்தம்

என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட்ங்கற சுற்றுச்சூழல் அமைப்புல இருந்த மைக்கேல் பீன்ங்கற வக்கீல் இதுக்கு ஒரு வழி யோசிச்சவங்கள்ல முக்கியமானவரு, வனவிலங்குத் துறை அத கையில எடுத்துச்சு. பேரு சேஃப் ஹார்பர். ஏற்பாடு ரொம்ப சிம்பிள். ஒப்பந்தம் போடற அன்னிக்கு உங்க நிலத்துல எத்தன குடும்பம் இருக்குன்னு எண்ணி அத ஆரம்பக் கணக்கா எழுதிக்குவாங்க. அந்த எண்ணிக்கைக்கு நீங்க பொறுப்பு, அது குறையக் கூடாது. அதுக்கு மேல நீங்க புதர் வெட்டி, தீ வச்சு, மரத்த வளத்து, அதனால புதுசா குடும்பம் வந்தா அந்த புது வரவு உங்க தலையில புது சுமையா வராது. உதாரணத்துக்கு நாலு குடும்பத்தோட ஆரம்பிச்சு ஏழு ஆச்சுன்னு வைங்க, நாளைக்கு நீங்க நிலத்த வேற மாதிரி உபயோகிக்கணும்னா முன்கூட்டியே சொல்லி, குஞ்சு பொரிக்கிற காலம் இல்லாத நேரமா பாத்து, துறை ஆளுங்க வந்து பறவைய பிடிச்சு வேற எடத்துக்கு மாத்த வாய்ப்பு குடுத்துட்டு, நாலு வரைக்கும் திரும்பி வந்துக்கலாம்.

நாட்டுலயே முதல் சேஃப் ஹார்பர் திட்டம் இதுதான், 1995ல நார்த் கரோலினா சாண்ட்ஹில்ஸ்ல, முதல்ல சேந்தது பைன்ஹர்ஸ்ட் ரிசார்ட். கோல்ஃப் மைதானத்துக்கு இது ஏன் பொருந்துச்சுன்னு யோசிச்சா காரணம் தெளிவா இருக்கு. மைதானத்துக்காரங்க பைன் மரத்த வித்துக் காசு பாக்கறவங்க இல்ல, மரம் நின்னாதான் அவங்களுக்கு வியாபாரம், அதனால பறவை மரத்த வெட்ட விடாதுங்கறது அவங்களுக்கு நஷ்டம் இல்ல. புதர் இல்லாத திறந்த காடு ஆட்டக்காரனுக்கும் வேணும், பந்து தேடணுமே, பறவைக்கும் அதேதான் வேணும். அவங்களோட ஒரே பயம், நாளைக்கு ஒரு ஃபேர்வே (பந்து அடிச்சுட்டுப் போற புல் பாதை) ஓரத்துல பறவை பொந்து போட்டுட்டா அந்த இடத்துல ஒரு பைப் கூட பதிக்க முடியாதோங்கறதுதான். அந்தப் பயத்த காகிதத்துல எழுதி தீத்து வச்சாங்க. பெரிய ரிசார்ட் கையெழுத்து போட்டதும் சுத்தி இருந்த குதிரைப் பண்ணைக்காரங்க, சின்னத் தோப்புக்காரங்க எல்லாம் வர ஆரம்பிச்சாங்க, சில வருஷத்துல பல்லாயிரம் ஏக்கர் திட்டத்துக்குள்ள வந்துடுச்சு. 1999ல அரசாங்கம் இத நாடு முழுசுக்குமான கொள்கையாவே ஆக்கிடுச்சு.

இதுல ஒரு எதிர்க்கருத்து உண்டு, ஆரம்பக் கணக்குக்குத் திரும்பிப் போக விடறது அநியாயம் இல்லையா, வந்த பறவைய விரட்டலாம்னு அனுமதி குடுக்கறது பாதுகாப்பா அப்படின்னு கேக்கறாங்க. எனக்கு அது நியாயமான கேள்வியாத்தான் படுது, ஆனா எதோட ஒப்பிடறோம்னு பாக்கணும். ஒப்பந்தம் இல்லேன்னா அந்த மூணு குடும்பம் வந்தே இருக்காது, இருந்த நாலும் புதர்ல மூழ்கி ஒண்ணு ரெண்டா கொறஞ்சிருக்கும். தற்காலிகமா இருந்தாலும் பொரிச்ச குஞ்சுங்க பறந்து போயி வேற இடத்துல குடும்பம் ஆகுது, அத யாரும் திருப்பி எடுக்க முடியாது.

கையில செய்யற வேலை

ஒப்பந்தம் போட்டா மட்டும் பறவை வராது. முதல் வேலை புதர். காட்டுக்குள்ளன்னா தீ வச்சா முடிஞ்சுது, ஆனா மைதானத்த சுத்தி வீடு, ரோடு, ஓட்டல், புகை போனா சண்டை, அதனால பல இடத்துல ஆள வச்சு வெட்டவும் மெஷின்ல அரைக்கவும்தான் வேண்டியிருக்கும், அது தீய விட செலவு ஜாஸ்தி, அடுத்த சில வருஷத்துல வேர்ல இருந்து மறுபடி தழைஞ்சுக்கும், திரும்ப வெட்டணும். தீ வைக்க முடிஞ்ச இடத்துல காத்து திசை, ஈரப்பதம் பாத்து, பொந்து மரத்த சுத்தி முதல்லயே ஊசியிலைய வாரி ஒதுக்கிட்டுதான் வைக்கணும், ஏன்னா வாசல்ல வழியற பிசின் பத்திக்கும்.

அடுத்தது பொந்துப் பெட்டி. பறவை தானா பொந்து போட வருஷக்கணக்கா ஆகும்னு சொன்னேன்ல, அதுக்குக் காத்திருக்க முடியாது. 1989ல ஹ்யூகோ புயல் சவுத் கரோலினால ஃபிரான்சிஸ் மேரியன் காட்ட அடிச்சப்ப பொந்து மரத்துல 87 சதவீதம் முறிஞ்சு போச்சு, பறவையில 63 சதவீதம் போயிடுச்சு. அந்த அவசரத்துல, அப்பதான் உருவாகியிருந்த செயற்கைப் பொந்து வேலைய பெரிய அளவுல செஞ்சு பாத்தாங்க. ஆளு ஏணி போட்டு மேல ஏறி, செயின்சாவால உயிர் மரத்துல ஒரு செவ்வகக் குழி வெட்டுவாரு. அதுல முன்கூட்டியே செஞ்சு வச்ச மரப்பெட்டிய எறக்குவாரு, பெட்டிக்குள்ள பொந்து தயாரா குடைஞ்சிருக்கும். சுத்தி இடைவெளி இல்லாம பட்டி வச்சு அடைக்கணும், ஏன்னா ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் உள்ள பிசின் வடிஞ்சு பறவை ஒட்டிக்கிட்டு செத்துடும். வாசல்ல ஒரு இரும்புத் தகடு போடறதும் உண்டு, பெரிய மரங்கொத்தி வந்து வாசல அகலப்படுத்தி கெடுக்காம இருக்க. மரம் மட்டும் போதுமான தடிமனா இருக்கணும், இல்லேன்னா அந்த உயரத்துல பெட்டி உக்காராது. ஒரு நாள் வேலையில ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பொந்து அத்தனையும் வச்சு முடிச்சிடலாம், அதையே பறவை செஞ்சா ஒரு தலைமுறை ஆகும்.

கோல்ஃப் மைதானத்துல இது நல்லா வேல செய்யுது, ஏன்னா தடிமனான கெழட்டு பைன் அங்க இருக்கு, வண்டி மரத்தடி வரைக்கும் போகும், தெனமும் மைதான ஆளுங்க சுத்தி வர்றதால மரம் சாஞ்சாலோ மின்னல் விழுந்தாலோ அன்னிக்கே தெரிஞ்சுடும். பறவை மனுஷ நடமாட்டத்துக்கு அவ்ளோவா பயப்படறதில்ல, கீழ ஆட்டம் நடந்துட்டு இருக்கும் மேல பட்டைய உரிச்சு பூச்சி தேடிட்டு இருக்கும். இதே திறந்த காட்ட நம்பி வாழற ஃபாக்ஸ் அணிலும் அந்த ஊரு மைதானங்கள்ல சாதாரணமா கண்ணுல படும், மூஞ்சி கறுப்பா, நம்ம கண்ணுக்குப் பழகின அணில விட ரொம்பப் பெருசு.

நம்பர் 2 மைதானத்துல புல்ல உரிச்ச கதை

பறவைத் திட்டத்தோட நேரடியா சேராது, ஆனா அதே நிலத்தோட இன்னொரு பாதி. டொனால்ட் ராஸ் போட்ட நம்பர் 2ல ஃபேர்வேக்கு ரெண்டு பக்கமும் வெறும் மணலும் வயர்கிராஸும்தான் இருந்துச்சு. அவர் 1948ல போனப்புறம் காலப்போக்குல ஸ்பிரிங்ளர் வந்து, மரத்துக்கு மரம் ஒரே பச்சைப் புல்லா விரிச்சுட்டாங்க. 2010ல மைதானம் வடிவமைக்கிற பில் கூரும் பென் கிரென்ஷாவும் வந்து அத்தனையையும் உரிச்சு எடுத்தாங்க, 35 ஏக்கருக்கு மேல புல்லு போச்சு, பழைய அமைப்ப கண்டுபிடிக்க 1943ல எடுத்த வான்வழி போட்டோவும் நடுவுல ஓடுன பழைய தண்ணிக் குழாய் வரிசையும் உதவுச்சு. ஸ்பிரிங்ளர் தலை சுமார் 1,150ல இருந்து 450க்கு எறங்குச்சு, தண்ணி செலவு பாதிக்கும் கீழ போச்சு. மணல்ல லட்சத்துக்கும் மேல வயர்கிராஸ் கன்னு நட்டாங்க.

2014ல அங்க யுஎஸ் ஓப்பன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அடுத்தடுத்த வாரம் நடந்துச்சு. டிவில பாத்து பல பேரு மைதானம் காஞ்சு கெடக்குன்னு கொறை சொன்னாங்க, ஓரமெல்லாம் பழுப்பா இருந்தது நெசம். ஆனா என்னைக் கேட்டா மைதானப் பாதுகாப்புல பெரிய தடையே இந்தப் பச்சை மோகம்தான். உலகத்துலயே பெரிய போட்டிகள்ல ஒண்ண பழுப்பு மைதானத்துல நடத்திக் காட்டினதால மத்த மைதானங்கள பராமரிக்கிற சூப்பரின்டென்டன்ட்டுங்க அவங்கவங்க கமிட்டி முன்னாடி நின்னு பேச ஒரு ஆதாரம் கெடைச்சுது, தண்ணிய கொறைக்கலாம், மருந்து அடிக்கிற பரப்ப கொறைக்கலாம், அந்த இடத்துக்கு சொந்தமான செடிய விடலாம்னு.

பலனும் மிச்சப் பிரச்சனையும்

நார்த் கரோலினா சாண்ட்ஹில்ஸ் கிழக்குக் கூட்டம் 350 குடும்பங்கற மீட்பு இலக்க 2006ல தொட்டுச்சு, எதிர்பாத்தத விட அஞ்சு வருஷம் முன்னாடி. இதுல பெரும் பங்கு ஃபோர்ட் பிராக் காட்டுக்குத்தான், அத கோல்ஃப் கணக்குல எழுதறது நேர்மையா இருக்காது. மைதானங்களோட பங்கு நடுவுல நிக்கறது. கிழக்க முகாம், மேற்க மாநில அரசோட சாண்ட்ஹில்ஸ் கேம் லேண்ட்ங்கற வேட்டைக் காடு, ரெண்டுக்கும் நடுவுல இந்த ஊருங்க. இந்தப் பறவை ரொம்ப தூரம் போயி குடியேறாது, பொட்டைக் குஞ்சு சில மைல்தான் போகும், ஆம்பளப் புள்ள பெரும்பாலும் பக்கத்து எல்லையில எடம் காலியாகற வரைக்கும் காத்திருக்கும். நடுவுல ஒரு துண்டு விட்டுப் போச்சுன்னா ரெண்டு கூட்டமும் தனித்தனி தீவாயிடும்.

அதே காரணத்தால மைதானக் குடும்பங்களுக்கு ஆபத்தும் ஜாஸ்தி. சுத்தி வீடு வர வர ஒரு குடும்பம் தனியா மாட்டிக்கும், அதுல பெட்டை செத்துப்போனா புதுசா ஒண்ணு தேடி வராது, ஆண் தனியா கெடந்து முடிஞ்சுடும். வேற எடத்துல இருந்து இளம் பெட்டைய ராத்திரி பொந்துல பிடிச்சுக் கொண்டு வந்து விடறதும் நடக்குது, அதுக்கு ஆளும் காசும் வேணும். மைதானத்த சுத்தி இருக்குற வீட்டுக்காரங்களையும் சேக்காம மைதானத்த மட்டும் ஒப்பந்தத்துல எழுதறது பாதி வேலைதான்னு இந்தக் கேஸ் காட்டுது. பைன் ஊசி வாரி தோட்டத்துக்கு விக்கறதும் அந்த ஊர்ல பெரிய தொழில், வருஷா வருஷம் வாரிட்டே இருந்தா வயர்கிராஸ் பிச்சுக்கிட்டு போயிடும், தீ பரவ தரையில எரிபொருளே இருக்காது.

எழுபதுகள் கடைசியில நாடு முழுக்க 1,470 குடியிருப்பா கொறஞ்சிருந்தது இப்ப 11 மாநிலத்துல சுமார் 7,800ன்னு கணக்கு, 2024 அக்டோபர்ல அழியும் நிலையிலேந்து ஒரு படி எறக்கி அச்சுறுத்தலுக்கு உள்ளானதுன்னு மாத்துனாங்க. சில பேரு இதுல அவசரம் இருக்குன்னு எதுத்தாங்க. நானும் அந்தப் பக்கம்தான் சாயறேன், ஏன்னா இந்த எண்ணிக்கையில பெரும்பகுதி ஆளுங்க வச்ச பெட்டியிலயும் ஆளுங்க வெட்டுன புதர்லயும் நிக்குது. 1995ல ஒப்பந்தம் போட்ட வருஷம் மொளச்ச பைன் கன்னுக்கு இப்ப முப்பது வயசு, பறவை தானா பொந்து போடற வயசுக்கு அது வர 2075க்கு மேல ஆகும், அதுவரைக்கும் பழைய மரம் ஒண்ணு சாயறப்பெல்லாம் யாராச்சும் செயின்சாவும் பெட்டியும் எடுத்துட்டு பக்கத்து மரத்துல ஏற வேண்டியிருக்கும், அதுக்கான பட்ஜெட் மைதானத்தோட வருஷாந்திர பராமரிப்புக் கணக்குல புல்லு வெட்டற செலவுக்குப் பக்கத்துலயே ஒரு வரியா இருக்கணும்.